விழாமல் நின்ற செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு இருபது. நான் முதலில் கண்டது ஒரு கட்டைவிரல். அது என் வலது புறங்கையின் மேல் இருந்தது, அழுத்தவில்லை. மற்ற விரல்கள் என் உள்ளங்கையைச் சுற்றி வந்தன; இறுகவில்லை. என் மணிக்கட்டு வெளிப்புறமாகத் திரும்ப, நான் பாயில் விழுந்திருக்க வேண்டும். நின்றுகொண்டிருந்தேன்.

அந்தக் கை நிஷிவாகி என்ற ஜப்பானியருடையது. வயது அறுபத்து மூன்று. வாழ்நாளில் பாதியைப் பாரிஸில் ஐக்கிடோ கற்பிப்பதில் கழித்தவர். அவரைச் சென்செ (ஆசிரியர்) என்று அழைப்போம். பயிற்சிக்கூடம் பாரிஸின் தமிழ்க் கடைப் பகுதியான லா சப்பலில், புடவைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு முற்றத்துக்குள் இருக்கிறது. அதே தெருவில் விமானச் சீட்டு விற்கும் கடையில் நான் வேலை செய்கிறேன். ஊரில் நாளிதழ் ஒன்றில் செய்தியாளராக இருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில், முதுகுவலிக்காக ஐக்கிடோவில் சேர்ந்து அப்போது ஐந்து மாதம்.

கையில் காரணம் தெரியாத தடுமாற்றம் தொடங்கியவர்களுக்கும், அவர்களுடன் இருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

ஐக்கிடோவில் ஒருவர் தாக்குவார். மற்றவர் அந்த வேகத்தையே திருப்பி அவரை வீழ்த்துவார். வீழ்த்தப்படுபவர் எதிர்த்து நின்றால் மணிக்கட்டு சுளுக்கிக்கொள்ளும். அதனால் அசைவோடு சேர்ந்து விழப் பழகுகிறார்கள். பல ஆண்டு பழகியவர்கள் ஆசிரியரின் கை பட்டதுமே உருண்டு எழுந்துவிடுவார்கள். அது மரியாதையும்கூட. எனக்கோ விழப் பயம். யாராவது உண்மையிலேயே இழுத்தால்தான் விழுவேன்.

அன்று யாரும் இழுக்கவில்லை.

சென்செ புன்னகைத்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போனார். உடை மாற்றும் அறை வாசலில் பெர்னார் என்னைப் பிடித்துக்கொண்டார். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர்; மூத்த மாணவர்.

"சென்செ வீழ்த்தினால் விழ வேண்டும், மேடம்."

"அவர் வீழ்த்தாவிட்டாலும்?"

அவர் பையின் பட்டியைச் சரிசெய்தார்.

அதன்பின் நான் கவனிக்கத் தொடங்கினேன். சென்செ மேல்சட்டையின் கடைசிப் பொத்தானைப் போடாமல் விட்டார். படியிறங்கும்போது கால்களைச் சற்று அகட்டி வைத்தார். வகுப்பு முடிந்ததும் சிலர் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்குப் போவோம். அங்கே அவர் எப்போதும் கையால் இடியப்பம் சாப்பிடுவார். கடைக்காரர் வசந்தன் அவருக்குக் கற்றுக்கொடுத்த ஒரே தமிழ்ச் சொல் 'ஓம்' (ஆம்). எதைக் கேட்டாலும் அதையே சொல்லுவார்.

"என்ன அக்கா, சென்செ அண்ணை கரண்டி கேக்கிறார்?" என்று வசந்தன் என்னிடம் கேட்டார். பிறகு அவரிடம் திரும்பி, "வெள்ளைக்காரன் ஆயிட்டியளோ அண்ணை?"

"ஓம்," என்றார் சென்செ.

கடை சிரித்தது. நான் அவருடைய வலது கையைப் பார்த்தேன். மேசைக்கடியில் இருந்தது.

மற்றவர்கள் போன பிறகு பிரெஞ்சில் நேரடியாகக் கேட்டேன்: எவ்வளவு காலமாக? அவர் ஒளிக்கவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போகத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது என்றார்.

"ஏன் மருத்துவரிடம் போகவில்லை?"

"என் ஆசிரியர் சொல்லுவார், தேர்ச்சி கூடக்கூடப் பலம் தேவைப்படாது என்று. போன வருடத்திலிருந்து நான் பலமே போடுவதில்லை. எல்லோரும் விழுந்தார்கள். கடைசியில் வந்து சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தேன்."

கரண்டியைத் தட்டில் வைத்தார். "சந்தோஷமாக இருந்தது," என்றார்.

மருத்துவரைப் பார்க்கச் சம்மதித்தார். அவருக்கு இங்கே குடும்பம் இல்லை. மருத்துவமனை கேட்டபோது, 'நம்பிக்கைக்குரியவர்' (நோயாளி பேச முடியாத நிலையில் அவர் விருப்பத்தைச் சொல்ல அவரே நியமிக்கும் ஆள்) என்ற இடத்தில் என் பெயரைக் கொடுத்தார். ஏன் பெர்னார் இல்லை என்று கேட்டேன். "பெர்னார் நல்லவர். நான் சொல்வதற்கெல்லாம் சம்மதிப்பார்," என்றார்.

நரம்பியல் மருத்துவர் இளம் பெண். கையை வேகமாக விரித்து மூடச் சொன்னார். இடது கை ஓரளவு செய்தது. வலது கை நனைந்த துணி போல மெல்ல விரிந்தது. முழங்காலில் சுத்தியலால் தட்டினார். கால் தேவைக்கு மேல் துள்ளியது.

"அண்மையில் எப்போதாவது விழுந்தீர்களா?"

"தினமும்," என்றார் சென்செ. "சில நாள் நூறு தடவை."

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. இன்றிலிருந்து ஒரு தடவைகூட விழக் கூடாது என்றார்.

எம்.ஆர்.ஐ. படம் காரணத்தைக் காட்டியது. கழுத்தெலும்புகளைப் பின்புறமாக இணைக்கும் தசைநார் எலும்பாக இறுகித் தடித்து, தண்டுவடத்தை (மூளையிலிருந்து உடலுக்குப் போகும் நரம்புக் கற்றை) நெருக்கிக்கொண்டிருந்தது. ஜப்பானியரிடம் இது கூடுதலாகக் காணப்படுவதாக மருத்துவர் சொன்னார். இந்த நிலையில் ஒரு மோசமான விழுகை கைகால்களை முடக்கிவிடலாம். கழுத்தெலும்பின் பின்பகுதியை ஒரு கதவைப் போலத் திறந்து நரம்புக்கு இடம் உண்டாக்கும் அறுவை செய்ய வேண்டும். மேலும் கெடாமல் தடுப்பதே அதன் நோக்கம். போனது எவ்வளவு திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சென்செ ஒரு கேள்விதான் கேட்டார்: கோடைக்குப் பிறகு செய்யலாமா? ஜூலையில் அவருடைய வருடாந்தரப் பயிற்சி முகாம். பல நாடுகளிலிருந்து மாணவர்கள் வருவார்கள். அவர் பாயில் ஏறியாக வேண்டும்.

"அதுவரை காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்," என்றார் மருத்துவர்.

யோசிப்பதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தோம்.

அன்று புறநகரான கார்ஜில் உள்ள வீட்டுக்குப் போனதும் என் கணவரிடம் சொன்னேன். அவர் பேரப்பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தார்.

"உம்மட சென்செக்கு முழுப் பாரிஸும் விழுது. நீர் ஒராள் விழேல்லை. முப்பது வருசமா எனக்கு அந்தக் குணம் தெரியும்."

"பகிடி விடாதேங்கோ. அந்தாள் ஒப்பரேசனைத் தள்ளிப்போடப் பாக்குது."

"அப்ப நீர் சொல்லும். நீர் சொன்னா விடமாட்டீரே."

நான் சொல்லத் தேவைப்படவில்லை. வியாழக்கிழமை வகுப்புக்கு முன்னால் வரும்படி சென்செயே தொலைபேசியில் கேட்டார். போனேன். கூடம் காலியாக இருந்தது. பாயின் நடுவில் அவர் நின்றார்.

"நீங்கள் ஒருவர்தான் எனக்காக விழாதவர். கையைக் கொடுங்கள்."

கொடுத்தேன். அவர் கட்டைவிரலை வைத்தார். முகத்தில் முயற்சி தெரிந்தது. கழுத்து நரம்பு எழுந்தது. என் கையில் அந்த முயற்சியின் ஒரு துளியும் வந்து சேரவில்லை. அவருக்காக விழுந்துவிடலாம் என்று என் முழங்கால்கள் நினைத்ததை உணர்ந்தேன். விழவில்லை. மறுபடி செய்தார். நான் நின்றேன்.

கையை விட்டுவிட்டு என்னைக் குனிந்து வணங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு முற்றத்துக்குப் போய் மருத்துவமனையை அழைத்தார்.

அறுவை காலையில் நடந்தது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பெர்னார் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "ஒரு வருடம் சும்மா விழுந்திருக்கிறேன்," என்றார். பிறகு, "எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். கை லேசாகிவிட்டது தெரியும். விழுவது சுலபமாக இருந்தது."

நோயாளிகளுடன் இருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நாம் ஒருவருக்காகக் கதவைத் திறந்துவிடுகிறோம், போத்தல் மூடியைத் திருகிக்கொடுக்கிறோம், அவர் தடுமாறும் சொல்லை நாமே சொல்லிவிடுகிறோம். செய்வது நல்லதுதான். ஆனால் என்ன செய்கிறோம் என்பதை அவருக்கும் மருத்துவருக்கும் சொல்லிவிட வேண்டும்.

மீட்சி மெதுவானது. கழுத்துப் பட்டை, பிறகு இயன்மருத்துவம் (தசைகளையும் அசைவையும் மீட்கும் பயிற்சி). கிண்ணத்திலிருந்து பயறுகளை ஒவ்வொன்றாக எடுப்பது, துணிக்கவ்வியைத் திறப்பது. பயறும் கிண்ணமும் வசந்தன் கடையிலிருந்து வந்தன. முதலில் கால்கள் திரும்பின. படியில் அவர் கைப்பிடியை விட்டார். பிறகு விரல் நுனிகளில் சூடும் குளிரும் தெரிந்தன. ஜூலை முகாமைப் பெர்னார் நடத்தினார். சென்செ நாற்காலியில் இருந்து பார்த்தார். முதல் நாள் அவர் அறிவித்த விதி ஒன்றே: வீழ்த்தப்படாமல் யாரும் விழக் கூடாது.

அந்த முகாம் குழப்பமாக இருந்தது. கறுப்புப் பட்டி கட்டியவர்கள் தூண்களைப் போல நின்றார்கள். பெர்னார் ஒரு டச்சு மாணவியை வீழ்த்த முயன்று வியர்த்தார். சென்செ இவ்வளவு சிரித்து நான் பார்த்ததில்லை.

பனி தொடங்கும் காலத்தில் அவர் பாயில் ஏற மருத்துவர் அனுமதித்தார். மற்றவர்களை மெதுவாக வீழ்த்தலாம். அவர் விழக் கூடாது, இனி எப்போதும். காலையில் சட்டைப் பொத்தான்களுக்கு நேரம் ஒதுக்கி எழும்புவதாகச் சொல்கிறார். முன்பு அந்த நேரம் இருந்ததே தெரியாதாம். எனக்கும் ஏதோ மாறியிருக்கிறது. கார் து நோர் நிலையத்தில் ரயில் பிரேக் போடும்போது, என் கால்கள் தாமாகச் சாய்கின்றனவா, ரயில் என்னைச் சாய்க்கிறதா என்று இப்போது எனக்குத் தெரிகிறது.

அவருடைய வலது கட்டைவிரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. இப்போது இடது கையால் பிடிக்கிறார். போன செவ்வாய்க்கிழமை என்னை அழைத்தார். இரண்டு தடவை நின்றேன். மூன்றாம் தடவை பாயில் கிடந்தேன்.