ராடார் கத்தியதும் இறங்கியவர்

கியூபெக்கின் வில்லரேயில் எங்கள் மேல்மாடியில் இருந்தவர், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுபவர். ஹெல்மெட் போட்டால் காளான்போல இருப்பார். மோட்டார் சைக்கிளில் முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத அந்த மனிதர், பொலிஸின் வேகமளக்கும் ராடாரை முன்கூட்டியே அறிந்து கத்தும் கருவியொன்றை எல்லை தாண்டிப் போய் ஏழு கடை ஏறி இறங்கி வாங்கிவந்தார். நான்கு ஆணிகளை நான் எண்ணிக் கொடுக்க, ஹாண்டிலின் நடுவில் பூட்டினார்.

"கியூபெக்கில இது தடை. பிடிச்சால் பறிச்சுப்போடுவாங்கள்" என்றேன்.

"ஏறுங்கோ மாஸ்டர்!" என்றார். ஊரில் நான் வாத்தியார்.

மூன்றாவது சந்தியில் கருவி கீச்சிட்டது. எதிரே பொலிஸ் கார். இவர் சட்டென்று இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வண்டியை உருட்டத் தொடங்கினார். யுத்தகாலத்தில் ஊரில் ஆமிச் சென்ரியை, அந்தக் காவலரணை, முகம் தெரிய அப்படித்தான் கடப்போம். நானும் பதறி இறங்கி ஜாக்கெட்டைக் கழற்றிக் கருவியை மூடினேன்.

வண்டி பழுதென்று நினைத்த பொலிஸ்காரர் இறங்கி வந்து பின்னாலிருந்து தள்ளினார். ஜாக்கெட்டுக்குள் கருவி கத்தியது. அதைவிட உரக்க இவர் பிரெஞ்சில் நன்றி சொல்லி "மெர்சி! மெர்சி!" என்று கத்தினார். அறுபத்திரண்டு அடி தள்ளிவிட்டு, பொலிஸ்காரர் கைகாட்டிப் போய்விட்டார்.

சிரித்துச் சிரித்து இருவருக்கும் வயிறு நொந்தது.

"இறங்கி உருட்டிறதுக்கு இந்தச் சாமான் என்னத்துக்கு?" என்றேன்.

"அங்க சென்ரி நிக்கிறது கிட்டப் போனாத்தானே தெரியும், மாஸ்டர். இது முன்னுக்கே சொல்லுதெல்லே!"

எதற்கும் பயப்படும் எனக்கு, அன்றிலிருந்து பொலிஸ் காரைக் கண்டால் மட்டும் சிரிப்பு வந்துவிடுகிறது.