பின் சீட், ஸ்பேனர்!

“முன்னால நகரு. வாசல்ல கூட்டம் போடாத. ஏய், நீ தள்ளாத.”

காலையில் கோழிகளைத் திறந்துவிடும்போது அம்மா சொல்வது இது. கதவோரம் ஒதுங்கி நின்று, வெளியே வரும் ஒவ்வொரு கோழிக்கும் இரண்டு விரலால் காற்றில் ஒரு தட்டுத் தட்டி எண்ணுகிறார். கணக்குச் சரியாக வந்தால் “போலாம்” என்கிறார். யாரிடம் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

அம்மா நோலீன் பிக்கெட், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். விக்டோரியா மாநிலத்தின் இந்த மல்லீ வறள்நிலத்தில், ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கும் எல்லோரும் அவர் பஸ்ஸில் ஏறியவர்கள். இன்று நிலம் வைத்திருக்கிறார்கள், பேரப்பிள்ளைகூட வைத்திருக்கிறார்கள். ஆனாலும் கடையில் அவரைக் கண்டால் வாயிலிருக்கும் சூயிங்கத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

வெறுங்காலுடன்தான் வண்டி ஓட்டுவார். தக்காளி சாண்ட்விச்சைப் பாத்திரம் கழுவும் தொட்டிமேல் குனிந்து நின்றே தின்பார், தட்டுக் கழுவ வேண்டாம் என்று. மேல்வரிசைப் பல் முழுவதும் கட்டியது. அதனால் விசிலடிக்க வராது. பழைய பஸ்ஸை உடைக்கப் போட்டபோது அதன் பக்கக் கண்ணாடியை மட்டும் கேட்டு வாங்கி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே அப்பாவை மாட்டச் சொன்னார். பாத்திரம் கழுவிக்கொண்டே கொல்லை முழுவதையும் அதில் பார்க்கலாம்.

ஜூலையில் அது நடந்த அன்று, அவரை நான் பல் வைத்தியரிடம் கூட்டிப் போயிருந்தேன்.

ஸ்பேனர் அப்பாவின் நாய். செம்பழுப்பு நிறக் கெல்பி, ஆடு ஓட்டும் சாதி. அப்பா மார்ச்சில் இறந்தார், ஆட்டுக் கொட்டகை வாசலில், காலை வேலைக்கு நடுவில். அதைப் பற்றி எனக்கு இதற்கு மேல் எழுத வராது. ஆடுகளை விற்றோம். நாயை விற்கவில்லை. அது தினமும் வேலிக் கதவருகே போய் உட்கார்ந்திருந்தது.

நாங்கள் திரும்பி வந்தபோது கோழிகள் கம்பி வலையின் மூலையில் செத்துக் குவியலாகக் கிடந்தன. ஸ்பேனர் எதிரே படுத்து, வேலையை முடித்தவனைப் போல எங்களைப் பார்த்தது.

பக்கத்து நிலத்து டாரில் வந்தான். வண்டியில் துப்பாக்கி இருந்தது.

“ரத்த ருசி கண்டுட்டா அவ்வளவுதான், மிசஸ் பிக்கெட். நான் கூட்டிட்டுப் போய் முடிச்சிடறேன். நீங்க பாக்க வேணாம்.”

“என் வீட்டுல நடக்கறத நான் பாக்காம?”

“இல்லன்னா செத்த கோழிய அது கழுத்துல கட்டிடுங்க. அழுகி விழற வரைக்கும் கிடக்கட்டும். எங்க தாத்தா அப்படித்தான் செய்வாரு.”

“உங்க தாத்தாகிட்ட கடைசியில எத்தன நாய்டா மிஞ்சுச்சு?”

டாரில் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

தானியக் கிடங்குகளில் அளவுக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். எது நின்றாலும் முதலில் உடைந்த பாகத்தைத்தான் பார்ப்பேன். கோழிகளை ஒவ்வொன்றாகப் பட்டறை மேசையில் வைத்துப் பார்த்தேன். ஒன்றின் கழுத்தில் பல் பதிந்திருந்தது. மற்றவற்றில் ஒரு கீறல்கூட இல்லை. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மூச்சு முட்டிச் செத்திருந்தன. மூலைக்கு எதிரே மண்ணில் கால் தடம், அரைவட்டமாக, போய் வந்து போய் வந்து ஆழமாகியிருந்தது.

அம்மா அந்த அரைவட்டத்தை வெகுநேரம் பார்த்தார்.

“இது தின்ன வரல, டானியா. வேலை பாத்திருக்கு” என்றார் என்னிடம்.

“எப்படியோ, கோழி செத்துதான போச்சு” என்றான் டாரில்.

“செத்துச்சு. நான் இல்லேன்னா சொன்னேன்? ஓட்டிட்டு வந்துச்சு, அப்புறம் என்ன செய்யணும்னு சொல்ல ஆளில்ல.” அவனிடம் திரும்பினார். “இன்னொரு கோழி செத்தா நானே உன்னக் கூப்பிடறேன். அதுவரைக்கும் துப்பாக்கி உன் வண்டியிலயே இருக்கட்டும்.”

சொன்னால் சொன்னதுதான். பஸ்ஸில் அவர் யாரையும் இரண்டாம் முறை எச்சரித்ததில்லை.

நான் என் வழியில் ஒன்று முயன்றேன். அப்பா ஆடு ஓட்டும் காணொளி ஒன்று என் போனில் இருந்தது. அதிலிருந்து நாய்க்கு அவர் கொடுக்கும் விசில்களைத் தனித்தனியாக வெட்டி எடுத்தேன்: நில், இடம், வலம், வா. ஒலிபெருக்கியில் ‘வா’வைப் போட்டேன். ஸ்பேனர் துள்ளி எழுந்தது. என்னைத் தாண்டி ஓடியது. கொட்டகை, தண்ணீர்த் தொட்டி, அப்பாவின் வண்டி, மறுபடி கொட்டகை என்று தேடியது.

“அதை அணை.”

“அம்மா, இது வேலை செய்யுது பாருங்க…”

“அணைன்னு சொன்னேன். உங்கப்பா வரப்போறதில்லன்னு அதுக்கு நீ எப்படிச் சொல்லுவே?”

அணைத்தேன்.

மறுநாள் அம்மா புதிய கோழிகள் வாங்கி வந்தார். ஊர் சிரித்தது. ஸ்பேனரை நீளக் கயிற்றில் தன் இடுப்புப் பட்டையோடு கட்டிக்கொண்டார். துணி காயப்போடும்போது, உரம் அள்ளும்போது, தபால் எடுக்கப் போகும்போது, நாயும் கூடவே. விசில் வராத வாயால் தனக்குத் தெரிந்த பஸ் மொழியைப் பேசினார். படுக்க வேண்டுமானால் “உக்காரு.” நிதானத்துக்கு “வளைவு, வளைவு.” கோழிகளை நெருக்கினால் “பின் சீட்!” அதைக் கேட்டால் நாய் பின்வாங்கிப் படுக்க வேண்டும். முதல் வாரங்களில் அது படுக்கவில்லை. அம்மா கயிற்றோடு இழுபட்டு இரண்டு தரம் விழுந்தார். எழுந்து, மண்ணைத் தட்டி, “ஜன்னலுக்கு வெளிய தலைய நீட்டின பசங்களையே நான் உக்கார வெச்சவ. நீ எந்த மூலைக்குடா?” என்றார்.

நவம்பரில் ஒரு பிற்பகல். தகரக் கூரை பறக்காமல் இறுக்கித் தர டாரில் வந்திருந்தான். காற்று வரப்போகிறது என்று வானொலி சொல்லியிருந்தது. சொன்னதைவிட முன்னதாகவே வந்தது. ஜன்னலுக்கு வெளியே இருந்த பஸ் கண்ணாடி முழுவதும் சிவப்பானதை அம்மாதான் முதலில் பார்த்தார். மேற்கே செம்மண் சுவராக எழுந்து வந்துகொண்டிருந்தது. கொல்லைக் கதவைக் காற்று பிய்த்துத் திறந்துவிட்டிருந்தது. கோழிகள் வெளியே தரிசில், காகிதம் போலச் சிதறி ஓடின.

அம்மா நாயின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்தார்.

“விடாதீங்க, மிசஸ் பிக்கெட்!” டாரில் ஏணியிலிருந்து கத்தினான். “ஒண்ணும் மிஞ்சாது!”

“போ, ஸ்பேனர்.”

நாய் நேராக ஓடவில்லை. இடது பக்கமாகப் பெரிதாக வளைந்து, கோழிகளுக்கும் புழுதிக்கும் நடுவே போனது. ஒரு கணம் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு கோழிகள் வந்தன, ஒரே கொத்தாக, கழுத்தை நீட்டிக்கொண்டு. பின்னால் தாழ்ந்த ஒரு பழுப்பு நிழல். கொல்லைக்குள் நுழைந்ததும் அவை கூட்டுக்குத் திரும்பாமல் நேராக அந்த மூலைக்கே போயின. முன்னால் போனவை வலையில் முட்டின. பின்னால் வந்தவை அவற்றின்மேல் ஏறின. ஸ்பேனர் அரைவட்டம் போடத் தொடங்கியது.

“பின் சீட்!”

காற்றையும் தகரத்தையும் மீறி அந்தக் குரல் போனது. ஏணியில் இருந்த டாரில்கூட ஒரு படி இறங்கிவிட்டான். ஸ்பேனர் நின்றது. மூலையைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்தது. ஒரு காலைப் பின்னால் வைத்தது, இன்னொரு காலை வைத்தது, வயிறு மண்ணில் படப் படுத்தது.

குவியல் தளர்ந்தது. மேலே ஏறியிருந்த கோழி இறங்கி இறகை உதறியது.

“வளைவு, வளைவு” என்றார் அம்மா. நாய் ஊர்ந்தது. கோழிகள் வேலியோரமாக வரிசையில் நடந்து, சலசலவென்று பேசிக்கொண்டே கூட்டுக்குள் ஏறின. அம்மாவின் இரண்டு விரல்கள் தட்டிக்கொண்டே இருந்தன. கடைசிக் கோழி உள்ளே போனது. எல்லாம் உயிரோடு.

டாரில் ஏணியிலிருந்து இறங்கி வந்தான். தொப்பி எங்கோ பறந்துவிட்டிருந்தது. “மிசஸ் பிக்கெட்” என்றான்.

அம்மா புழுதியில் சப்பணமிட்டு உட்கார்ந்து ஸ்பேனரின் தலையை மடியில் இழுத்துக்கொண்டார். அதன் கண்ணிமைகளில் செம்மண் அப்பியிருந்தது. சட்டை நுனியை எச்சிலால் நனைத்து ஒரு கண்ணைத் துடைத்தார், பிறகு மறு கண்ணை. தலையைத் தூக்காமலே, மற்றொரு கையின் கட்டைவிரலால் டாரிலுக்குக் கூட்டுக் கதவின் இன்னும் போடாத தாழ்ப்பாளைக் காட்டினார்.