மூக்குக்குள் நாலாவது கட்டி

இடது மூக்குத் துவாரத்துக்குள் நாலாவது முறையாக அந்தக் கட்டி எழுந்தபோது, நான் செக்கிங் பகுதியைக் கவனிக்கும் பனியன் கம்பெனியில் யாரும் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. மூக்கு நுனி சிவந்து, வீங்கி, பளபளவென்று இருந்தது. அது உடையும்போது வழிவதைப் பற்றி எழுதினால் நீங்கள் ஒரு வாரத்துக்கு மோர்க்குழம்பு தொட மாட்டீர்கள். எழுதவில்லை.

முதல் மூன்று தடவையும் மருந்துக்கடையில் நானே மாத்திரை கேட்டு வாங்கி விழுங்கினேன். இரண்டு நாளில் வலி போகும், மாத்திரையை நிறுத்துவேன், மாதம் திரும்புவதற்குள் கட்டியும் திரும்பும். பிதுக்கவும் செய்தேன். கண்ணாடி முன்னால் நான் மூக்கைப் பிதுக்கிக்கொண்டிருந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"கருமம்! தலகாணிய எடுத்துட்டு ஹாலுக்குப் போயிருங்க. கட்டி போனாத்தான் உள்ள வரோணும்."

போனேன். அதற்குப் பிறகுதான் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடமும் போனேன். என் மகள் வயதுப் பெண். விளக்கடித்துப் பார்த்தவர் முகம் சுளித்ததை முகக்கவசம் பாதிதான் மறைத்தது.

"பிதுக்குனீங்களா?"

"லேசாங்க."

"இனித் தொடவே கூடாதுங்க. இந்த எடத்துச் சீழ் மூளைக்கு ஏறுச்சுன்னா உசுருக்கே ஆபத்து."

எனக்கு மூளை இருப்பதாக ஒருவர் நம்பியது அந்த நிலையிலும் ஆறுதலாக இருந்தது.

பஞ்சுக் குச்சியால் சீழைத் தொட்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சர்க்கரை பார்த்தார், இல்லை. சில நாளில் முடிவு வந்தது. தோலில் கட்டி கிளப்புகிற கிருமி என் மூக்குக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறதாம்.

"உள்ள புண்ணாக்கி விட்டாத்தாங்க அது தோலுக்குள்ள எறங்கும். மூக்கு முடியப் புடுங்கறீங்களா?"

"இல்லீங்க. வெட்டிக்குவேன்."

"எதுல?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். டிரிம்மர். தைத்த பனியனில் தொங்கும் நூல் பிசிறை வெட்டுகிற குட்டிக் கத்திரி. பிசிறைக் கண்டால் கை சும்மா இருக்காத தொழில் என்னுடையது. மூக்கிலிருந்து எட்டிப் பார்ப்பதும் எனக்குப் பிசிறுதான். கத்திரி முனையில் மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. அதில் ஒரு சிவப்பு நூல் ஒட்டியிருந்தது. இருவரும் பார்த்தோம்.

"இத வேற யாராச்சும் தொடுவாங்களா?"

"செக்கிங் டேபிளுக்குப் பொதுங்க."

சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது. பத்தரை மணி டீக்கு மிக்சர் பாக்கெட்டின் வாயை வெட்டுவதும் அதே டிரிம்மர்தான். பாக்கெட்டுக்குள் முதலில் கை விடுவதும் நான்தான்.

மாத்திரையைக் கடைசிவரை விழுங்கச் சொன்னார். இரண்டு துவாரத்திலும் களிம்பு, துண்டும் தலையணை உறையும் வெந்நீரில், டிரிம்மர் குப்பையில். "மத்தவங்ககிட்டயும் சொல்லீருங்க" என்றார். மருந்தைவிட அதுதான் கசந்தது.

மறுநாள் டீ நேரத்தில் சொன்னேன். செக்கிங் பெண்கள் நாலு பேரும் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினார்கள்.

"ஏனுங்ணா, நேத்து மிச்சர் பாக்கெட்ட எதுலீங்ணா வெட்டுனோம்?"

என் கை காலிச் சட்டைப் பைக்குப் போனது. நாலு பேரும் குழாயடிக்கு ஓடினார்கள்.

ஐந்தாவது கட்டி இதுவரை வரவில்லை. தலையணை அறைக்குத் திரும்பிவிட்டது. மிக்சர் பாக்கெட்டை இப்போது பல்லால் கடித்துக் கிழிக்கிறார்கள், அதுதான் சுத்தமாம். என் பங்கை மட்டும் தனித் தாளில் கொட்டி, மேசையின் அந்தக் கோடியில் வைத்துவிடுகிறார்கள்.