மரமென்று அள்ளிப்போன தொட்டிகள்

புஷ்பராணி அக்காவின் மகள் வந்தனா அழைத்தபோது நான் பார்க்கிங் என்ற எங்கள் ஊர் ரயில் ஸ்டேஷனுக்கு வெளியே பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "அன்ரி, அம்மா போயிட்டா," என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழ் வரவில்லை. மிச்சத்தை ஆங்கிலத்தில் சொன்னாள். தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவேயில்லையாம். இதயம் என்று டொக்டர் சொன்னாராம். அந்த இதயம் எப்போது பழுதாகத் தொடங்கியது என்று எனக்குத் தெரியும்.

புஷ்பராணி அக்காவை உங்களில் பலர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்தவராக அறிவீர்கள். எனக்கு அவர் பக்கத்து வீட்டுக்காரர். எங்கள் மாடியில் திறந்த நடைபாதை ஒன்று நீளமாக ஓடும். அதையொட்டி வரிசையாகக் கதவுகள், எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அக்காவின் கணவர் தர்மலிங்கம் அண்ணைக்கு மறதி நோய் வந்த பிறகு, அந்த வரிசையில் தன் வீடு எது என்று அவருக்குத் தெரியாமல் போயிற்று. அக்கா வாசலின் இரு பக்கமும் மரப்பெட்டிகள் வைத்துப் பூச்செடி நட்டார். அண்ணை பெட்டியைக் கண்டால் நிற்பார், திறப்பை எடுத்துப் பூட்டில் போடுவார். அவ்வளவு போதுமாக இருந்தது.

பிறகு கட்டடத்தை நிர்வகிக்கும் அலுவலகம், தீப்பற்றக்கூடிய எதையும் நடைபாதையில் வைக்கக்கூடாது என்று அறிவித்தது. அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. "நெருப்பெண்டா நியாயந்தானே சுகந்தி," என்று தானே பெட்டிகளை இறக்கிக் கொடுத்தார். அடுத்த நாளே அண்ணை வேறொரு வீட்டுக் கதவில் திறப்பைப் போட்டுத் திருகிக்கொண்டு நின்றார். உள்ளிருந்தவர் கத்திய கத்தல் எனக்குக் கேட்டது. அக்கா ஓடிப்போய் அண்ணையின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார்.

அதற்குப் பிறகுதான் அவர் சீமெந்துத் தொட்டிகளை வாங்கினார். வெறும் சாம்பல் நிறப் பெட்டிகள். ஃபோனில் வீடியோ பார்த்து, முதலில் வெளிர் மண்ணிறம் பூசிக் காயவிட்டார். மேலே கடும் மண்ணிறத்தைத் தண்ணீராகக் கரைத்துப் பூசி, ஈரம் காய முன்னர் பழைய சீப்பால் நீளத்துக்கு இழுத்தார். இழுக்கும்போது கையைச் சற்று வளைத்தால் மரத்தின் வரி நெளிந்து வந்தது. விரல் நுனியால் சுழற்றிக் கணுக்கள் வைத்தார். பலகைக்குப் பலகை இடைவெளி தெரியக் கறுப்புக் கோடு. சரிவராத இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடியும் செய்தார். "வடிவுக்கில்லை, அவருக்கு மரமாத் தெரியவேணும்," என்றார்.

தெரிந்தது. அண்ணை குனிந்து தொட்டியின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "வந்திட்டம்," என்றார். அக்கா சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

அலுவலகத்திலிருந்து பரிசோதிக்க வந்தவர் படிக்கட்டில் நின்றே படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். சில நாளில் இரண்டு வேலையாட்கள் தள்ளுவண்டியோடு வந்தார்கள். அக்கா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், தட்டிப் பாருங்கள், இது சீமெந்து என்றார். அவர்கள் தட்டவில்லை. ஆனால் தூக்கினார்கள். பாரத்தில் ஒருவருடைய முகம் மாறியது. மரமில்லை என்று அவருக்கு விளங்கிவிட்டது. "எங்களுக்குத் தந்த தாளில் மரத்தொட்டி என்று இருக்கிறது," என்று சொல்லி, செடியும் மண்ணுமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அலுவலகத்துக்கு ஃபோன் எடுத்தோம். படத்தில் மரமாகத்தான் தெரிகிறது என்றாள் ஒரு பெண். அக்கா ஃபோனை என்னிடம் தந்துவிட்டு, "நான் நல்லாச் செய்தது பிழையாப் போச்சு," என்றார்.

அந்தக் கிழமையே, அக்கா குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அண்ணை குப்பை போட வெளியே போனார். திரும்பி வந்தவர் ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு கடைசிவரை நடந்து, மறுபக்கப் படியில் இறங்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்கு விடவில்லை, பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பினார்கள். அக்கா நாள் தவறாமல் பஸ் ஏறிப் போய் அவருக்குச் சோறு ஊட்டினார். சில நாள் அவர் அக்காவை அங்கு வேலை செய்யும் பெண் என்று நினைத்து நன்றி சொல்வாராம்.

எல்லாம் முடிந்த பிறகு அலுவலகத்திலிருந்து இருவர் வந்தார்கள். பிளாஸ்டிக் சாடியில் ஒரு பூச்செடி கொண்டுவந்தார்கள். தவறு நடந்துவிட்டது, வருந்துகிறோம் என்றார்கள். மீட்டர் பார்க்க வருபவருக்குக் கூடத் தேத்தண்ணி கொடுக்கிற அந்த வீட்டில் அன்றைக்குக் கேத்தில் வைக்கப்படவில்லை. இருங்கோ என்றும் அக்கா சொல்லவில்லை. "பிழையெண்டு விளங்கிட்டுதுதானே. அவரைக் கொண்டுவந்து விடுங்கோ," என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர்கள் வாசல் பக்கம் திரும்பினார்கள். போகும்போது செடியையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

பிறகு பலர் அவருக்குப் புத்தி சொன்னார்கள். ஒன்றுவிட்ட தமையன் ஒருவர் என் முன்னாலேயே, "விட்டிடு ராணி, மன்னிச்சாத்தான் உன்ரை மனசுக்கு நல்லது," என்றார்.

"என்ரை மனசு நல்லாயிருக்க வேண்டாம் அண்ணை," என்றார் அக்கா. சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மரக்கறி வெட்டிக்கொண்டே சொன்னார்.

செத்தவீட்டில் அலுவலகத்தின் மலர்வளையமும் இருந்தது. அதே தமையன்தான் எழுந்து பேசினார். யார்மேலும் மனக்குறை இல்லாதவர், எல்லாவற்றையும் மன்னித்துவிட்டு நிம்மதியாகப் போனார் என்றார். பலர் தலையாட்டினீர்கள். சக்கர நாற்காலியில் முன்வரிசைக்குக் கொண்டுவரப்பட்டிருந்த தர்மலிங்கம் அண்ணை, மகளின் பக்கம் சரிந்து, "ஆருடைய செத்தவீடு பிள்ளை?" என்று கேட்டார். வந்தனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றைக்கு நான் எழுந்து பேசியிருந்தால் சபைக்கு அழகாக இருந்திராது. ஆகவே இங்கே எழுதுகிறேன். புஷ்பராணி அக்கா மன்னிக்கவில்லை. நிம்மதியாகவும் போகவில்லை. அவருடைய நல்ல குணங்களை நீங்கள் ஆளுக்கொன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கோபத்தை எடுத்து வைத்துக்கொள்ள வேறு யாரும் வரவில்லை. அது என்னிடம் இருக்கிறது.