பூச்சிக்குள் இருந்த அக்கா

அந்தப் பேட்டியை நான் பஸ்ஸில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். ஒரு சினிமா டைரக்டர், கறுப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு பேசினான். "எங்க படத்துல வர்ற ராட்சசக் கரப்பான்பூச்சி முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டர்ல பண்ணதுங்க. அதோட ஒரு கால்கூட நெசம் கிடையாது." பேட்டி எடுத்த பெண் வாயைப் பிளந்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அவன் கம்ப்யூட்டரில் செய்ததாகச் சொன்ன கரப்பான்பூச்சி அந்த நேரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில், வலது முட்டியில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு, யார் வீட்டு சோபாவுக்கோ உறை தைத்துக்கொண்டிருந்தது. அது என் கூடப்பிறந்த அக்கா.

அக்காவின் தொழில் சோபா தைப்பது. ஸ்பாஞ்சை அறுத்து, ஒட்டி, மேலே துணியை இழுத்துத் தைத்தாளானால் ஒரு மூலை பிசகாது. பதினோரு வருஷத்துக்கு முன்னால், செலவே வைக்காமல் பேய்ப்படம் எடுக்கிற ஒரு கம்பெனி அவளைத் தேடி வந்தது. ஸ்பாஞ்சில் ஒரு ராட்சச எறும்பு வேண்டுமாம். உள்ளே ஒரு ஆள் இருந்து ஆட்டுவானாம். அளவெடுக்க அந்த ஆளை அனுப்பச் சொன்னால் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்கள். அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டுத் தன் உடம்பையே அளவாக வைத்துத் தைத்து முடித்தாள். படப்பிடிப்பன்று அந்த ஆள் முக்கி முனகி உள்ளே நுழைந்தான். இரண்டே நிமிஷத்தில் மூச்சு முட்டுகிறது என்று அலறிக்கொண்டு வெளியே வந்து வாந்தி எடுத்தான். போனவன் போனவன்தான். "அக்கா, உங்க அளவுதானே? நீங்களே உள்ள போயிடுங்களேன். அஞ்சு நிமிஷ வேலை" என்றார்கள். அந்த அஞ்சு நிமிஷம் பதினோரு வருஷமாகவும் ஏழு படமாகவும் நீண்டது.

ஏழு படத்துக்கும் கதை ஒன்றுதான். ஏதோ ஒரு ஃபேக்டரியிலிருந்து பச்சையாக ஒரு திரவம் சாக்கடையில் கலக்கும். ஒரு பூச்சி அதைக் குடிக்கும். குடித்த கையோடு ஆள் உயரத்துக்கு வளர்ந்து ஊருக்குள் நுழையும். என் பிள்ளைகளுக்கு எத்தனை பாட்டில் டானிக் வாங்கி ஊற்றினேன், ஒரு அங்குலம் ஏறவில்லை. இதுகளுக்குச் சாக்கடைத் தண்ணீரே போதுமாக இருந்தது. பிறகு ஒரு விஞ்ஞானி வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "நான் அப்பவே சொன்னேன்" என்பார். கடைசியில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவார்கள். எறும்பு, வெட்டுக்கிளி, கொசு, மூட்டைப்பூச்சி என்று அக்கா எல்லாமாகவும் இருந்தாள். கொசுவுக்காக இடுப்பில் பெல்ட் கட்டி இரண்டு நாள் கப்பியில் தொங்கவிட்டார்கள். நான் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. எல்லாப் படத்திலும் கடைசியில் கொல்லப்படுவது என் அக்கா. அதை உட்கார்ந்து பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவள் அதை விளையாட்டாகச் செய்யவில்லை. கரப்பான்பூச்சி வேடம் என்று சொன்னதும் குளியலறையில் ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிக் கிண்ணத்தால் மூடி வைத்து நாலு நாள் பார்த்தாள். "ஆறு காலும் ஒண்ணா நகராதுடி. மூணு தரையில நிக்கும், மூணு நகரும். இந்தப் பக்கம் முன்காலும் பின்காலும் போனா, அந்தப் பக்கம் நடுக்கால் போகும்" என்று என்னிடம் தவழ்ந்து காட்டினாள். பார்த்து முடித்ததும் அதை வாசலில் கொண்டுபோய் விட்டாள். "வாத்தியாரை வழியனுப்பியாச்சா?" என்றார் என் வீட்டுக்காரர்.

மனுஷன் தவழ்ந்தால் வலது கையோடு இடது முட்டி நகரும். பூச்சியாக நடக்க ஒரே பக்கத்துக் கையும் முட்டியும் சேர்ந்து நகர வேண்டும். நடுக்கால்கள் இரண்டையும் தூண்டில் நரம்பால் முழங்கைகளோடு குறுக்கே கட்டியிருப்பாள். அப்படி நகரும்போது மொத்த உடம்பும் ஒரு முட்டியில் இறங்கும். கீழே சிமெண்ட் தரை. தலையில் பழைய ஹெல்மெட்டின் மேல் ஒட்டிய பூச்சித் தலை, அதில் சைக்கிள் கம்பியில் மீசை. வெளியே பார்க்க, தொண்டைப் பக்கம் சட்டைப் பொத்தான் அளவில் இரண்டு ஓட்டை. காதும் சரியாகக் கேட்காது என்பதால் எல்லோரும் கத்தித்தான் வேலை வாங்குவார்கள். "அக்கா, வாங்க! அக்கா, திரும்புங்க! அக்கா, ஓடுங்க!"

பதினோரு வருஷத்தில் முட்டி தேய்ந்துவிட்டது. வலது முட்டிக்கு இந்த மாசமே ஆபரேஷன் செய்யாவிட்டால் அப்புறம் கம்பு இல்லாமல் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சினிமாத் தொழிலாளர் சங்கத்துக்குச் சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறது; சங்க அட்டை வைத்திருப்பவர்களுக்கு அங்கே ஆபரேஷன் இலவசம். அட்டை வேண்டுமென்றால் கடைசியாகச் செய்த மூன்று படத்தின் டைரக்டர்கள், இன்னார் என் படத்தில் இந்த வேலை செய்தார் என்று கடிதம் கொடுக்க வேண்டும். மூன்று கடிதத்திலும் வேலை ஒன்றாகவே இருக்க வேண்டும். நான் பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறவள். கடிதம் வாங்குவதெல்லாம் எனக்கு ஒரு வேலையே இல்லை. இரண்டு பேர், பூச்சிக்குள் இருந்தது இவர்தான் என்று கேட்ட அன்றைக்கே எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாவது ஆள்தான் இந்தக் கறுப்புக் கண்ணாடி.

நானே போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் குழைந்தான்.

"உங்க அக்கா எனக்கும் அக்கா மாதிரிதாங்க. ஆனா இப்ப கடுதாசி குடுத்தா நான் ஊரெல்லாம் சொன்னது பொய்னு ஆயிடுமே."

"பொய்தானே சொன்னீங்க?"

"அது ஒரு பப்ளிசிட்டிங்க. ஸ்பாஞ்சுன்னு சொன்னா யாரு மதிப்பா? வேணும்னா தையல் வேலை செஞ்சாங்கன்னு எழுதித் தரேன். அதுகூட உங்களுக்காகத்தான்."

"தம்பி, அவ தைச்சதும் நெசம், உள்ள இருந்து முட்டி தேஞ்சதும் நெசம். பாதி நெசத்தை எழுதித் தரேன்னு எங்ககிட்டயே பூச்சி காட்டறீங்களா?"

அவன் போனை வைத்துவிட்டான். அன்றைக்கெல்லாம் நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அக்கா மட்டும், "விடுடி, கம்பு ஊனி நடந்தா என்ன, தையல் மெஷினுக்கு ஒரு கால் போதும்" என்றாள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. இத்தனை பேரைப் பயமுறுத்தியவள் இவனுக்குப் போய்ப் பயப்படுவதா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா நூல் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கரப்பான்பூச்சிப் படத்தைப் போனில் போட்டேன். எங்கேயாவது ஒரு கை, ஒரு செருப்பு, கிழிந்த தையலுக்குள் ஒரு துண்டு முகம் தெரியாதா என்று தேடினேன். அவள் தையலாவது கிழிவதாவது! முக்கால் மணி நேரம் ஒன்றும் சிக்கவில்லை. பிறகு அந்தக் கட்டம் வந்தது.

ஒரு பழைய வீட்டில் அக்காவும் தங்கையும் மாட்டிக்கொள்கிறார்கள். தங்கை மாடிப்படியில் நிற்கிறாள், அவள்தான் கதாநாயகி. அக்காவாக நடிப்பவள் கீழே சுவரோரம் உறைந்து நிற்கிறாள். கரப்பான்பூச்சி அவளை நோக்கிப் போகிறது. கதாநாயகி தொண்டை கிழியக் கத்துகிறாள்: "அக்கா! ஓடுக்கா!"

பூச்சி நின்றது. இடது தோள் இறங்கியது, பிறகு தலை மெதுவாகக் கதாநாயகியின் பக்கம் திரும்பியது. ஒரு வினாடி பார்த்தது. அடுத்த வினாடி விழுந்தடித்துக்கொண்டு ஓடியது! மூன்று மூன்று காலாக ஓடி, எதிர்ச் சுவரைப் பிய்த்துக்கொண்டு வெளியே போய்விட்டது. சுவரோரம் நின்ற அக்கா அசையவே இல்லை.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை.

அக்கா நூல்கண்டுகளோடு உள்ளே வந்தவள் போனைப் பார்த்ததும் முகம் சுருங்கிப் போனாள். "அதைப் பார்த்துட்டியா? அது என் தப்புடி. உள்ள இருந்தா என்ன தெரியுது? அக்கான்னு கத்தினாங்க, ஓடுன்னாங்க, ஓடிட்டேன். எனக்குத்தான் சொல்றாங்கன்னு நினைச்சேன். அந்தச் சுவத்தை மறுபடி செய்ய வசதி இல்ல, அப்படியே வெச்சுட்டாங்க. அத்தனை பேர் முன்னாடி அந்த டைரக்டர் பையன் என்னை, மாடு மாதிரி ஓடறீங்களேன்னு கேட்டான்."

அந்த மாட்டைப் பற்றித்தான் அவன் அதே பேட்டியில் பெருமையடித்திருந்தான். "பூச்சிக்கும் அக்கா தங்கச்சி பாசம் புரியுதுங்கறதுதான் எங்க கான்செப்ட்." அந்த இடத்தில் தியேட்டரில் கைதட்டினார்களாம். திட்டு அவளுக்கு, கைதட்டல் இவனுக்கு!

"நாளைக்கு இதைச் சங்கத்துல காட்டறோம்" என்றேன்.

"தொழில்ல செஞ்ச தப்பைக் காட்டியா அட்டை வாங்கறது?"

"ஆமா. வேற எதை வெச்சிருக்க நீ?"

சங்க ஆபீஸ் முதல் மாடியில் இருந்தது. பதினெட்டுப் படி. அக்கா ஒவ்வொன்றாக, கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். செயலாளர் பெரிய மீசைக்காரர். ஒரு காலத்தில் சண்டைப் படங்களில் ஜன்னலை உடைத்துக்கொண்டு விழுகிறவராக இருந்தாராம். இரண்டு கடிதத்தையும் வாசித்தார், மூன்றாவது எங்கே என்றார். நான் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் டைரக்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேஜைமேல் வைத்தார்.

"அது கம்ப்யூட்டர் சார். அந்தம்மா தையல் மட்டும்தான்" என்றான் அவன், கூசாமல்.

நான் படத்தைப் போட்டுக் காட்டினேன். செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் தம்பி, கம்ப்யூட்டர் எங்கயாவது அக்கான்னா திரும்புமா?"

"அதுதான் சார் கான்செப்ட்."

அவர் தாடையைச் சொறிந்தார். இப்படி ஒரு பதில் வந்தால் என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. அக்கா என் கையைத் தட்டி, "போலாம் வா" என்று ஜாடை காட்டினாள். நாங்கள் எழுந்து கதவுப் பக்கம் போனோம்.

"அக்கா!" என்று பின்னாலிருந்து அதட்டலாக ஒரு குரல்.

டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பினாள். தரை துடைத்துக்கொண்டிருந்தவள் திரும்பினாள். எனக்கும் ஊரில் நாலு பேர் அப்படிக் கூப்பிட இருக்கிறார்கள், நானும் திரும்பினேன். என் அக்காவும் திரும்பினாள். பதினோரு வருஷம் ஹெல்மெட்டைச் சுமந்த கழுத்து அவளுக்கு, சட்டென்று திரும்பாது. இடது தோள் இறங்கியது, பிறகு தலை மெதுவாக வந்தது.

கூப்பிட்ட செயலாளர் அக்கா திரும்பிய விதத்தைப் பார்த்துவிட்டு, அவர் கையிலேயே இருந்த என் போனில் அந்த இடத்தை மறுபடி ஓட்டினார். பூச்சியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது. மேஜைமேல் இருந்த தன் போனிடம் குனிந்தார்.

"தம்பி, நான் இருபது வருஷம் ஹீரோக்களுக்காகக் கீழ விழுந்தவன். முகம் தெரியாம வேலை செஞ்சவங்களை எனக்கு முதுகைப் பார்த்தே தெரியும். நாளைக்குக் காலையில கடுதாசி என் மேஜைக்கு வரணும். தையல்னு எழுதக் கூடாது. நடிகைன்னு எழுதணும். வரலைன்னா அடுத்த படத்துக்கு லைட்டைத் தூக்க உனக்கு ஒரு ஆள் கிடைக்காது."

"சரிங்க சார். அனுப்பிடறேன்" என்றான்.

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடிகை என்ற சொல்லை அவள் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்ததை நான் கவனித்தேன். ஆபரேஷன் நடக்கும், அவள் கம்பு இல்லாமல் நடப்பாள் என்று எனக்கு நெஞ்சு நிறைந்து போனது.

அப்போது போன் மறுபடி பேசியது.

"சார், ஒரு சந்தேகம். கடுதாசில போடணும். அக்கா பேரு என்ன?"

டைப் அடிக்கிற சத்தம் நின்றது. மூன்று மாசம் அவளைத் தரையில் நகர வைத்தவன், மாடு என்று திட்டியவன், என் அக்கா மாதிரி என்று குழைந்தவன் கேட்கிறான். நான் பாய்ந்தேன், அந்தப் போனை எடுத்து அவன் காது செவிடாகிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அக்கா என் கையை விலக்கிவிட்டுத் தானே போனை எடுத்தாள். இனிஷியலோடு தன் பெயரைச் சொன்னாள்.

"சரியா கேக்கலக்கா" என்றான்.

அவள் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு எழுத்தாக, அவன் எழுதி முடிக்கும் வரை நிறுத்தி நிறுத்தி, இன்னொரு தடவை சொன்னாள்.