பாலிகஞ்சில் பேசாமல் உட்கார்ந்த சனிக்கிழமை

பியூலா அக்கா மாதத்தில் ஒரு சனிக்கிழமை பாலிகஞ்சுக்குப் போய் நாள் முழுக்கப் பேசாமல் உட்கார்ந்துவிட்டு வருகிறாள் என்று முன்பு ஒரு பதிவில் எழுதியிருந்தேன். அது எந்த மாதிரி இடம், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் போகலாமா என்று பின்னூட்டத்தில் சிலர் கேட்டிருந்தீர்கள். அப்போது எனக்கே தெரியாததால் பதில் போடவில்லை. இந்த ஜனவரியில் (2008) நானும் போய் வந்துவிட்டேன். அந்த வீட்டின் பெயரை மட்டும் எழுதவில்லை. நடத்துகிறவர்களிடம் கேட்கவில்லை, கேட்கும் தைரியமும் எனக்கு இல்லை.

நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. என்னை அனுப்பினார்கள். அப்பாவுக்குச் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் வேலை. சொந்த ஊர் நாசரேத் பக்கம். ஞாயிறு மாலைகளில் இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் எங்கள் குவார்ட்டர்ஸ் முன்னறையில் ஜெபத்துக்குக் கூடுவார்கள். அதை நடத்துகிறவர் சாமுவேல் மாமா. அக்கா தியானத்துக்குப் போவது அவர் காதுக்கு எட்டியதும் ஞாயிறுதோறும் அதே பேச்சு.

“மூச்சக் கவனிக்கதாம். ஒரே வார்த்தைய மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே இருக்கதாம். யோகாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக் கூட்டியாந்திருக்காவ,” என்றார் மாமா.

“நாம ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’னு நூறு தடவ சொல்லுதோமே மாமா, அது என்னது?” என்றாள் அக்கா.

“அது துதி.”

“எத்தனாவது தடவையில துதி மந்திரமா மாறும்?”

“ஏட்டி, மாமாவ எதுத்துப் பேசாத,” என்றார் அப்பா. ஆனால் அவருக்கும் குழப்பம்தான். இது பழைய துறவிகள் காலத்திலிருந்தே சபையில் உள்ள ஜெபம் என்று அக்கா ஒரு பக்கம் சொல்கிறாள். கிழக்கத்திய மதங்கள் முகமூடி போட்டுச் சபைக்குள் நுழைகின்றன என்று மாமா ஒரு பக்கம் சொல்கிறார். கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். “ரூபியும் கூடப் போய்ப் பாத்துட்டு வரட்டும். பாத்தத இங்க எல்லாரு முன்னாலயும் சொல்லட்டும். அவ பொய் சொல்லமாட்டா.” ரூபி நான்தான்.

“பேசினாத்தான பொய் சொல்ல,” என்றாள் மாமாவின் மனைவி லில்லி அத்தை. எல்லோரும் சிரித்தார்கள்.

நான் சொல்வது மாமாவுக்குத் திருப்தியாக இல்லாவிட்டால், அக்கா இனி அங்கே போகக்கூடாது. பிள்ளைகளுக்கு அவள் நடத்தும் ஞாயிறு வகுப்பையும் வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் என்றால் அவளுக்கு உயிர்.

பயணத்துக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பது நான்தான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் அதுதான் காரணம். எழுந்து பதில் சொல்லச் சொன்னால் எனக்கு வாயே திறக்காது. ஞாயிறு ஜெபத்தில் எல்லோரும் கைகோத்துக் கண்ணை மூடி உட்கார்ந்து, ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிப்போம். இதற்குச் சங்கிலி ஜெபம் என்று பெயர். ஒருவர் முடித்ததும் பக்கத்தில் இருப்பவரின் கையை அழுத்துவார். அழுத்தினால் அடுத்தது அவர் முறை. என் கையை அழுத்தினால் அதே நொடியில் நான் அடுத்த கையை அழுத்திவிடுவேன், கரண்ட் பாய்கிற மாதிரி. ஒருமுறை என் தலையில் கை வைத்து ஊமை ஆவி போக வேண்டும் என்று ஜெபித்தார்கள். அம்மா அழுதாள்.

அக்காவோ தூக்கத்திலும் பேசுவாள். அவள் போய் மாதத்தில் ஒரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்ததும் அதற்குப் பெயர் ஆழம். கல்லூரித் தோழிகள் அவளிடம் தாழ்ந்த குரலில் சந்தேகம் கேட்கிறார்கள். எதிர்க்கிறவர்கள்கூட அவளைப் பெரிய ஆளாக மதித்து எதிர்க்கிறார்கள். என்னிடம் இருந்தபோது நோய், அவளிடம் போனதும் வரமா? போகும் வழியெல்லாம் எனக்கு இதே நினைப்புத்தான்.

காலை 6.50 லோக்கலைப் பிடித்தோம். சாந்த்ராகாச்சியிலிருந்து ஹவுராவுக்கு ஏழெட்டு கிலோமீட்டர், டிக்கெட் நான்கு ரூபாய். ஜனவரி என்பதால் ஸ்டேஷன் பக்கத்து ஏரியே தெரியாத பனி. குளிர்காலத்துக்கு அங்கே வந்து இறங்கும் வெளியூர் வாத்துகளின் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை காலையில் உட்கார இடம் கிடைக்கும். அக்காவுக்கு ஜன்னலோரமும் கிடைத்தது, பேச ஒரு வயதான வங்காள மாஷிமாவும் கிடைத்தாள். ஹவுரா வருவதற்குள் அந்த அம்மாவின் மருமகள் சமையல்வரை எங்களுக்குத் தெரிந்துவிட்டது. இறங்கும்போது அவள் அக்காவுக்கு இரண்டு கமலா ஆரஞ்சு கொடுத்தாள். எனக்கு ஒன்று.

ஹவுராவில் பேருந்து நெரிசலுக்குள் போகாமல் படகில் போங்கள். நிலையத்துக்கு எதிரேதான் படகுத்துறை. பாபுகாட் வரை நான்கு ரூபாய், பத்துப் பன்னிரண்டு நிமிடம். அன்று பனி விலகும்வரை படகை விடவில்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். அந்த நேரம் முழுக்க அக்கா எனக்கு விதிமுறை சொல்லிக்கொடுத்தாள்.

“உள்ள போயிட்டா பேசக்கூடாது, கேட்டியா? சாப்பிடும்போதும் பேசக்கூடாது. ஏதாவது வேணும்னா கைய மட்டும் காட்டணும். மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும். போகப் போகப் பழகிரும்.”

என்னிடம்தான் சொல்கிறாள். நான் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாபுகாட்டில் கரியாஹாட் பேருந்து. ஆறு ரூபாய். கண்டக்டரிடம், “தாதா, பாலிகஞ்ச் பாடி ஸ்டாப் வருமுன்னால சொல்லிருங்க,” என்று அக்கா வங்காளியில் கேட்டாள். “உங்கள விட்டா நீங்களே பஸ்ஸ ஓட்டிருவீங்க போல, தீதி,” என்றார் அவர். இறங்கி ஐந்து நிமிடம் நடந்தால் பச்சைப் பலகை ஜன்னல்களோடு ஒரு பழைய வீடு. வாசலில் செருப்புகளை அடுக்கி வைத்திருந்தார்கள்.

சொல்லி அனுப்பியபடி எல்லாவற்றையும் கவனித்தேன். சிவப்புத் தரையில் பாய், சின்னத் தலையணைகள். ஒரு சிலுவை. அதன் கீழே பித்தளை விளக்கு. ஒரு சின்ன மணி. முட்டி வலிக்காரர்களுக்குச் சுவரோரம் நாற்காலிகள். நடத்துகிறவர் ஒரு வங்காளக் கன்னியாஸ்திரீ. எல்லோரும் மாயாதி என்று கூப்பிட்டார்கள். அவர் சொன்னது கொஞ்சம்தான். முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். ஒரு வார்த்தையைத் தேர்ந்துகொள்ளுங்கள். மனம் எங்காவது ஓடினால் சண்டை போடாமல் அந்த வார்த்தைக்குத் திரும்பி வாருங்கள். ஒரு தடவைக்கு இருபது நிமிடம், அன்று மூன்று தடவை.

மணி அடித்தது. எனக்கு இது சுலபம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நான் ‘ஆண்டவரே’ என்ற வார்த்தையை எடுத்துக்கொண்டேன். இரண்டு முறை சொல்வதற்குள் லில்லி அத்தை வந்துவிட்டாள். அவளுக்கு நான் சொல்லாமல் விட்ட பதில்கள் எல்லாம் வரிசையாக வந்தன. பிறகு பள்ளிக்கூட டீச்சர். பிறகு ஒரு ஆரஞ்சு கொடுத்த மாஷிமா. வாய் மூடியிருந்ததே தவிர, உள்ளே ஹவுரா பிளாட்பாரம் மாதிரி இரைச்சல். எல்லாவற்றையும் விலக்கிவிட்டு நான் திரும்பத் திரும்ப வந்து சேர்ந்தது வார்த்தைக்கு இல்லை, அக்காவிடம். அவள் நடிக்கிறாள், இப்போது கண்ணைத் திறப்பாள், இப்போது நெளிவாள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் நெளியவில்லை. அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை. எப்போதும் எதையாவது சொல்ல வருகிற வாய், சொல்ல ஒன்றும் இல்லாமல் இருந்தது. அவளுக்கு அது உண்மையாகவே வாய்த்திருந்தது. நடிப்பு என்றால் நான் தாங்கியிருப்பேன்.

மதியம் கிச்சடியும் கத்தரிக்காய் பஜா என்கிற வறுவலும். முப்பது ரூபாய், சுவை நன்றாகவே இருந்தது. சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் கேள்வி கேட்கலாம், அப்போது மட்டும் பேச்சு உண்டு. ஓய்வு பெற்ற ஒரு மலையாளி அங்கிள் நேராகவே கேட்டார், “கோயிலில் பெஞ்சு இருக்கும்போது பாய் எதற்கு, இந்த விளக்கு எதற்கு? இது இந்துக்களுடையது இல்லையா?” மாயாதி, “பாய் எங்கள் வீட்டுடையது. விளக்கு கரண்ட் போனால் உதவும்,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அங்கிள் சிரிக்கவில்லை. மாயாதியும் சிரிப்பை விட்டுவிட்டு, முதல் நூற்றாண்டுகளில் எகிப்து பாலைவனத்தில் இப்படி உட்கார்ந்த துறவிகளைப் பற்றிச் சொன்னார். “உட்காருகிற முறையில் மற்றவர்களிடம் நாங்கள் கற்றதும் உண்டு. அது எதுவரை சரி என்று எனக்கும் சில நாள் கவலை வரும்,” என்றார். அங்கிளுக்கு அது போதவில்லை. ஆனாலும் அடுத்த முறை மணி அடித்தபோது தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது முறை முடிந்ததும் எல்லோரும் வட்டமாகக் கைகோத்து ஒரு நிமிடம் மௌனமாக நிற்பது அங்கே வழக்கம். எனக்கு இடப்பக்கம் அந்த அங்கிள், வலப்பக்கம் அக்கா. மௌனத்தில் அங்கிளின் கை லேசாக அசைந்தது. முட்டி வலியில் கால் மாற்றியிருப்பார். என் கை தன் பழக்கப்படி உடனே அக்காவின் கையை அழுத்திவிட்டது. அக்காவின் வாய் தன் பழக்கப்படி திறந்துவிட்டது.

“ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் தகப்பனே, இந்த நல்ல நாளுக்காக உமக்குக் கோடி ஸ்தோத்திரம்…”

அவள் உணர்ந்து நிறுத்துவதற்குள் நாலு வரி போய்விட்டது. சாந்த்ராகாச்சி சத்தம் அது, பாலிகஞ்ச் அறைக்குப் பெரிது. எல்லோரும் கண் திறந்தார்கள். அங்கிள் மட்டும் திருப்தியாக, “ஆமென்,” என்றார்.

திரும்பும்போது ரவீந்திர சதனில் மாறி, ஆற்றின் இரண்டாவது பாலம் வழியாகப் பேருந்தில் வந்தோம். மொத்தம் பதினான்கு ரூபாய். மாலையில் இந்த வழிதான் நல்லது, படகுக்கும் ரயிலுக்கும் மாறி மாறி ஓட வேண்டாம். பாலத்தின் மேல் வரும்போதுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

“ஏன் கைய அமுக்கின?”

“தானா வந்துட்டு.”

“நாளைக்கு நீ என்ன வேணும்னாலும் சொல்லிக்க,” என்றாள். அப்புறம் வீடுவரை பேசவில்லை. இந்த மௌனத்தில் ஆழம் ஒன்றும் இல்லை, கோபம்தான். இது எனக்குத் தெரிந்த மௌனம்.

ஞாயிறு மாலை எல்லோரும் வந்து உட்கார்ந்ததும் மாமா கேட்டார், “விளக்கு இருந்துதா?”

“ம்.”

“மணி?”

“ம்.”

“தரையிலதான் உக்காந்தாவளா? மூச்சக் கவனிக்கச் சொன்னாவளா?”

“தரைலதான். மூச்சப் பத்திச் சொல்லல. ஒரு வார்த்த மட்டும்.”

“பாத்தீரா?” என்று மாமா அப்பா பக்கம் திரும்பினார். அக்கா என்னையே பார்த்தாள். அவள் ஸ்தோத்திரம் சொன்ன கதையை நான் எடுத்துவிட்டால், அங்கேயும் நம் துதிதானா என்று அப்பா குளிர்ந்துபோவார் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒன்றும் சொல்லாமல் இருந்தாலோ எல்லாம் முடிந்தது. அதுதான் எனக்கு மிகவும் கைவந்த வேலை. ஆனால் ஸ்தோத்திரம் என் கை செய்த வேலை. அவள் செய்தது வேறு.

“அக்கா பேசாம இருந்தா,” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “நெசமாவே பேசாம இருந்தா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கு வரல. அவளுக்கு வந்துது. ஜெபம்தான் அது.”

லில்லி அத்தை, “பியூலா நாள் முழுக்கப் பேசாம இருந்தாளா? அப்ப அது அற்புதந்தான், வேற எவனாலயும் முடியாது,” என்றாள். அப்பாவே சிரித்துவிட்டார். மாமா மட்டும், “பிசாசும் அமைதியாத்தான் வருவான்,” என்றார். இருந்தாலும் ஞாயிறு வகுப்பைப் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை. “தபசு காலம் முடியட்டும், பாப்போம்,” என்று ஈஸ்டர்வரை தள்ளி அப்பா முடித்துவைத்தார். அக்கா போகலாம், கூட நான் போக வேண்டும் என்று ஏற்பாடு.

பிறகு சங்கிலி ஜெபம். பியூலாவுக்கு இப்படி ஒரு அமைதியைக் கொடுத்தீரே என்று அத்தை உருகி நன்றி சொன்னாள். கையோடு, ரூபியின் வாயையும் திறந்தருளும் ஆண்டவரே என்றாள். இப்போதுதான் எல்லோர் முன்னாலும் பேசி முடித்திருக்கிறேன்.

முறை சுற்றி அக்காவிடம் வந்தது. அவள் சுருக்கமாக ஜெபித்துவிட்டு என் கையை அழுத்தினாள். நான் அடுத்த கையை அழுத்தவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தேன். உள்ளே பழைய இரைச்சல் இருந்தது, அத்தையும் இருந்தாள். இருந்தாலும் விடவில்லை. மாமா தொண்டையைச் செருமினார். யாரோ ஆமென் சொல்லிப் பார்த்தார்கள். அதன் பிறகு அதுவும் அடங்கி, ஏரிப் பக்கம் வாத்துகளின் சத்தம் முன்னறைவரை கேட்டது. எங்கள் வீட்டு ஜெபத்தில் அது கேட்டதே இல்லை. அக்கா என் கையை இன்னொரு முறை அழுத்தவில்லை. காத்திருந்தாள். அப்புறம்தான் நான் அடுத்த கைக்கு விட்டேன்.

டீ குடிக்கும்போது அத்தை சொன்னாள், “நடுவுல ஒரு அமைதி இறங்குச்சு பாத்தியளா? பியூலா மொறையிலதான். புள்ள என்னமா உள்ள போயிட்டா!” எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள், யார் முறை என்று யாருக்குத் தெரியும். அக்கா என்னைப் பார்த்தாள். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவள் பின்னாலேயே வந்து, “அது நீதானட்டி,” என்றாள். போய் அவர்களிடம் சொல்லவில்லை. என்னிடம் மட்டும்தான் சொன்னாள்.

போக நினைப்பவர்களுக்கு: பனிக்காலத்தில் படகை நம்பி வந்தால் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். தரை ஜில்லென்று இருக்கும், காலுறை கட்டாயம். வேறு சபைக்காரர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், சபை எது என்று யாரும் கேட்கவில்லை. நம்பிக்கையில் சந்தேகம் இருந்தால் அந்த அங்கிள் மாதிரி வாய்விட்டுக் கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நன்றாக உட்காரத் தெரிந்தவர் பக்கத்தில் உட்காராதீர்கள், அவரைப் பார்த்துக்கொண்டிருப்பதிலேயே உங்கள் நேரம் போய்விடும். அந்த அறையில் இடம் தாராளமாக இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் பாயைப் போட்டுக்கொள்ளலாம்.

நான் அக்கா பக்கத்தில்தான் போட்டுக்கொள்வேன்.