தம்பியின் இடது காது

"சீயக்காய் எங்கயும் கெடைக்கல" என்று நான் சொன்னேன். "யாங்கூன்ல இப்ப வெண்டைக்காய்கூடக் கெடைக்கலியா?" என்று தம்பி கேட்டான்.

முதலில் சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒரு காது டாக்டரின் கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களைச் சத்தம் புகாத கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவேன். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். மேல் சுருதி ஒலிகள் கேட்காமல் போனவர்களுக்கு 'ச'வும் 'ஸ'வும்தான் முதலில் நழுவும். மிச்சத்தை ஊகத்தால் ஒட்டவைத்துப் பேசுவார்கள். என் தம்பியும் ஒட்டவைத்துத்தான் பேசிக்கொண்டிருந்தான்.

அவன் பர்மாவை விட்டுப் போய்ப் பதினாறு வருஷம் ஆகிறது. கோலாலம்பூரில் சில காலம் ஓட்டல் வேலை. பிறகு அகதியாக அமெரிக்கா போய், குடியுரிமையும் வாங்கிவிட்டான். அங்கேயே, எங்கள் நாட்டிலிருந்து அகதியாகப் போன கரென் இனப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. யாங்கூனை ஒட்டிய இன்சீனில் ரயில்வே பட்டறைக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டில் நான் மட்டும்தான். ஞாயிறு காலை ஆறரைக்கு, அவனுக்குச் சனிக்கிழமை சாயங்காலம், ஒரு போன் வரும். சாப்பிட்டியா, கரண்ட் இருக்கா, உடம்பு எப்படி. ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

"காது டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்டை அனுப்பு. அதுக்கப்புறம் பேசலாம்" என்றேன். கோபித்துக்கொண்டான். ஆனால் மூன்று வாரத்தில் அனுப்பினான்.

கிளினிக்கில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு காதுக்கும் கோடு நேராகப் போய், நாலாயிரம் ஹெர்ட்ஸ் மேல் சுருதியில் பள்ளமாக விழுந்திருந்தது. இடது காதில் பள்ளம் இன்னும் ஆழம். இதை நான் பார்த்திருக்கிறேன். வெடிச்சத்தம் பட்ட காது இப்படித்தான் இருக்கும். வலது தோளில் துப்பாக்கி வைத்துச் சுடுகிறவனுக்குக் குழலின் வாய் இடது காதுக்குத்தான் கிட்ட.

அடுத்த ஞாயிறு கேட்டேன். "நீ துப்பாக்கி வச்சிருக்கியா?"

"மூணு இருக்கு, அக்கா."

மாமனார் ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி மக்காச்சோளம் போட்டிருக்கிறாராம். காட்டுப்பன்றி வந்து அழிக்கிறது. அதற்கு ஒரு ரைபிள். குளிர்காலத்துக்கு முன்னால் மான் அடிக்க அனுமதி உண்டு. அதற்கு இன்னும் பெரியது ஒன்று. முயலுக்குச் சின்னதாக ஒன்று. எல்லாம் சட்டப்படி வாங்கியது என்று இரண்டு முறை சொன்னான். இங்கே துப்பாக்கி என்ற சொல்லையே போனில் சொல்லப் பயப்படுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் அதைக் கேட்டேன்.

"காதுக்கு எதுவும் மாட்டிக்க மாட்டியா?"

"மானு வர்ற சத்தம் கேக்கணுமே, அக்கா."

"இப்ப அக்கா பேசுற சத்தமே கேக்கலியே."

அடுத்த வாரம் அவனாகவே ஆரம்பித்தான். அங்கே அவன் இருக்கும் மாநிலத்தில் துப்பாக்கிக்குச் சைலன்சர் போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறதாம். சினிமாவில் வருவதுபோல் சத்தமே இல்லாமல் போகாது. குழல் வாயில் திருகிக்கொள்ளும் ஒரு உருளை, அவ்வளவுதான். வெடியின் அடியைக் குறைக்கும். குண்டு காற்றைக் கிழிக்கிற சத்தம் அப்படியேதான் இருக்கும். "காதுக்கு மூடியும் போட்டாத்தான் முழுப் பாதுகாப்பு" என்றேன். "கடைக்காரனும் அதைத்தான் சொன்னான்" என்றான்.

மூன்று துப்பாக்கிக்கும் சேர்த்து ஒன்றே வாங்கலாம் என்பது அவன் எண்ணம். என் கிளினிக்கில் ஒருவர் காதுக்கு எடுத்த அச்சு இன்னொருவருக்குப் பொருந்தாது. அதைச் சொன்னேன்.

"இது வேற மாதிரி. பெரிய குண்டுக்குச் செஞ்ச ஓட்டைல சின்னது போகும். சின்னதுக்குச் செஞ்சதுல பெருசு போகாது. அதனால மான் துப்பாக்கிக்கு ஏத்ததா வாங்கினா பன்னித் துப்பாக்கிக்கும் ஆகும்."

"முயல் துப்பாக்கிக்கு?"

"அது ஈயக் குண்டு. உள்ள அழுக்கு படியும். இந்த உருளையக் கழட்டிக் கழுவ முடியாது. அதுக்கு வேண்டாம்னுட்டான்."

"அப்ப முயல் அடிக்கும்போது மூடி போட்டுக்க."

"சரி."

இரண்டு துப்பாக்கியிலும் உருளையைத் திருகும் மரை ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்கு இணைப்பு தனியாக வாங்க வேண்டும். உருளை நேராக உட்காராவிட்டால் குண்டு அதிலேயே உரசும். மாட்டிய பிறகு குறி கொஞ்சம் இடம் மாறும், ஒவ்வொன்றுக்கும் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இதையெல்லாம் வாராவாரம் சொன்னான். எனக்குத் துப்பாக்கியில் எந்த ஆசையும் இல்லை. ஆனால் ஐந்து நிமிஷப் போன் ஒரு மணி நேரமாகியிருந்தது. சனிக்கிழமை ராத்திரியே என்ன கேட்கலாம் என்று யோசித்துவைப்பேன்.

வாங்குவதும் எளிதில்லை. கைரேகை, பாஸ்போர்ட் அளவு படம், விண்ணப்பம், அரசாங்கத்தின் பின்னணி விசாரணை. ஒப்புதல் வரும்வரை பொருள் கடையிலேயே இருக்கும். அவன் பெயரில் மட்டும் பதிந்தால், அவன் பக்கத்தில் இல்லாதபோது மனைவி அதைத் தொட்டுப் பயன்படுத்துவதே குற்றமாகிவிடலாம் என்பதால், இரண்டு பேர் பெயரும் போட்டு ஒரு பொறுப்புப் பத்திரம் எழுதினான்.

"உன் பேரையும் போடணும்னு ஆசையா இருந்துச்சு" என்றான் சிரித்துக்கொண்டே.

"எனக்கு எதுக்கு அது?"

"ஏதோ ஒரு காகிதத்துல நம்ம ரெண்டு பேர் பேரும் ஒண்ணா இருக்கட்டும்னுதான்."

வீட்டில் யார் யார் இருக்கிறோம் என்று அரசாங்கம் பதிந்துவைக்கும் எங்கள் பழைய வீட்டுப் பட்டியலில் இரண்டு பேர் பெயரும் ஒன்றாக இருந்தது. அவன் போன பிறகு அவன் பெயரை அடித்துவிட்டார்கள். அதை நான் அவனிடம் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

ஒப்புதல் தாமதமாயிற்று. அவன் அலுத்துக்கொண்டான். நானும் கூடச் சேர்ந்து அலுத்துக்கொண்டேன். உள்ளே எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அது வந்துவிட்டால் பேச என்ன இருக்கும்?

வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஊரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோது படம் அனுப்பினான். வேட்டைக்குப் போடும் ஆரஞ்சு நிற மேலங்கி. மேஜையில் இரண்டு துப்பாக்கி. கையில் டார்ச் லைட் போல அந்தக் கறுப்பு உருளை. வாய் விட்டுச் சிரிக்கிறான். காதோரம் நரைத்திருக்கிறது. முன்பல் ஒன்றில் சின்ன உடைசல், எனக்குத் தெரியாத உடைசல். படம் எடுத்துக்கொள்ளவே பிடிக்காதவன் அவன். நாலைந்து வருஷத்தில் நான் பார்த்த நல்ல படம் அது ஒன்றுதான்.

ஆனால் இப்போதெல்லாம் ராணுவத்தார் வழியில் நிறுத்திப் போனை வாங்கிப் பார்ப்பதுண்டு. துப்பாக்கியோடு நிற்கிற ஆணின் படம் என் போனில் இருந்தால், இவன் என் தம்பி, மான் அடிக்கிறவன் என்று யாரிடம் விளக்குவேன்? எதிர் இருக்கையில் ஒரு அம்மா கீரைக்கட்டைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். போனை மடியோடு அணைத்துக்கொண்டு, இரண்டு ஸ்டேஷன் தூரம் அவன் முகத்தையே பார்த்தேன். அப்புறம் அழித்தேன். அழித்தவை கிடக்கும் இடத்திலிருந்தும் அழித்தேன்.

ஞாயிறு அவனிடம் சொன்னேன். "கையில ஒண்ணும் இல்லாம ஒரு போட்டோ அனுப்பு."

அவன் அனுப்பியது விண்ணப்பத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் படம். வெள்ளைச் சுவர், இறுகிய வாய். அதை அச்சுப் போட்டு அலமாரிக் கண்ணாடியில் செருகிவைத்தேன். அந்தப் படத்தில் பல் தெரியாது.

அன்றே வீடியோவில் சுட்டும் காட்டினான். அங்கே வெயில் சாயும் நேரம். போனை வேலிக்கம்பத்தில் வைத்துவிட்டு, காது மூடியை மாட்டி, எனக்குத் தெரிகிற மாதிரி இரண்டு பக்கமும் தட்டிக் காட்டினான். சுட்டான். தடித்த புத்தகத்தை மேஜையில் போட்டது போல் ஒரு சத்தம், அதன் பின்னாலேயே சாட்டை வீச்சு. அவ்வளவுதான்.

"எப்படி இருக்கு, அக்கா?"

"நல்லா இருக்கு" என்றேன். ஒரு வருஷமாகத் தேடியது கிடைத்துவிட்டது. அவனுக்கு வேலை முடிந்தது.

நான் பயந்தபடியே போன்கள் சுருங்கின. அடுத்த வருஷ ரிப்போர்ட்டில் பள்ளம் முன்பிருந்த அளவிலேயே நின்றிருந்தது. போனது திரும்பாது, ஆனால் மேற்கொண்டு எதுவும் போகவில்லை. டாக்டரிடம் காட்டினேன். "கெட்டிக்காரன்" என்றார். அன்று முழுக்க எனக்கு அது போதுமாக இருந்தது.

போன மாதம் பால்கனியில் நெற்கதிர்க் கொத்து ஒன்று வாங்கித் தொங்கவிட்டேன், இங்கே எல்லோரும் சிட்டுக்குருவிக்குச் செய்வதுபோல. ஏழெட்டு வந்து தொங்கிக்கொண்டு ஒரே கத்தல். வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"எவ்வளவு குருவி! ஆனா வீடியோல சத்தமே வரலியே, அக்கா."

நான் திரும்பப் போட்டுக் கேட்டேன். அறை முழுக்கக் குருவிச் சத்தம்.

"என் போன்ல மைக் சரியில்ல" என்றேன். "புதுசு வாங்கினதும் மறுபடி எடுத்து அனுப்பறேன்."